அய்யனார் காட்டில் ஒரு கேமரா



ஆண்டு மலருக்கு எழுதச் சொன்னார்கள். காதலையும் நிலாவையும் பற்றி எழுத நம் கல்லூரியில் ஆளுக்குப் பஞ்சமே கிடையாது. அரியரைப் பற்றிக் கண்ணீர்க் கவிதை எழுதவும் போட்டா போட்டி. நான் சிவில். எனக்குத் தெரிந்தது மண், கல், சிமெண்ட். ஆகவே ஒரு காட்டைப் பற்றி எழுதப் போகிறேன். என்ன, சிரிக்கிறீர்களா? சிவிலுக்கும் காட்டுக்கும் என்ன சம்பந்தம் என்றுதானே? இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

காடு என்றதும் முதுமலை, டாப்சிலிப், கொல்லிமலை என்று டூர் செலவைக் கணக்குப் போடாதீர்கள். நான் சொல்லும் காடு நம்ம பாண்டிச்சேரியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும் தூரத்தில் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்ப்புத்துப்பட்டு. மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயில் என்றால் உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். மொட்டை போட்டிருப்பீர்கள், காது குத்தியிருப்பீர்கள், மரத்தடியில் புளிசாதம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்திருப்பீர்கள். கோயிலைச் சுற்றி நிற்கிற மரங்களை ஏதோ தோப்பு என்று நினைத்திருப்பீர்கள். அது தோப்பு இல்லை நண்பர்களே. தோப்பு என்றால் ஒருவர் நட்டு வைத்தது. இது யாரும் நடாத காடு!

மூலக்குளத்திலிருந்து டவுன் பஸ் பிடித்துப் பேருந்து நிலையம், அங்கிருந்து மரக்காணம் பக்கம் போகும் பஸ். இந்தப் பயணத்திலேயே ஒரு வேடிக்கை உண்டு. ஊரைத் தாண்டினால் கோட்டக்குப்பம், அது தமிழ்நாடு. முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் போய் காலாப்பட்டு வந்தால் மறுபடி புதுச்சேரி. கனகசெட்டிகுளம் தாண்டினால் மறுபடி தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். ஒரே டிக்கெட்டில் மூன்று தடவை எல்லை தாண்டுகிறோம். 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டார்கள். அவர்கள் காலத்து எல்லைக்கோடு மட்டும் இன்னும் பஸ்ஸுக்கு அடியில் வளைந்து வளைந்து ஓடிக்கொண்டிருக்கிறது.

நிற்க. காட்டுக்கு வருவோம்.

வெள்ளைக்கார நாடுகளில் கோடாலி படாத பழங்காட்டுக்கென்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். வளர்ந்து, முதிர்ந்து, தானே விழுந்து, தானே முளைத்துக்கொள்ளும் காடு. அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று யோசித்து 'முதுகாடு' என்று எழுதிப் பார்த்தேன். நல்லவேளை, பள்ளிக்கூடத்தில் தமிழய்யா சொன்னது ஞாபகம் வந்தது. பழந்தமிழில் முதுகாடு என்றால் சுடுகாடு! அந்தப் பெயர் வேண்டாம் சாமி. எங்க ஆயா சொல்வது போல 'அய்யனார் காடு' என்றே வைத்துக்கொள்வோம்.

இந்தக் காட்டின் வகைக்குப் புத்தகப் பெயர் வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு. பெயரிலேயே ஒரு முரண்பாடு இருப்பதைக் கவனித்தீர்களா? உலர்ந்த இடம், ஆனால் இலை உதிராத மரம். நம்ம ஊருக்கு மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையோடு முடிந்துபோகிறது. மாசியிலிருந்து ஆனி வரைக்கும் வெயில் தோலை உரிக்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் மரம் இலையைக் கொட்டிவிட்டுச் சும்மா நிற்பதுதான் வழக்கம். இந்த மரங்கள் கொட்டுவதில்லை. இலை சின்னதாக, தடிப்பாக, தோல் செருப்பு மாதிரி பளபளவென்று இருக்கும். தண்ணீரை லேசில் வெளியே விடாது. கோரமண்டல் கரை நெடுக, கடலை ஒட்டின ஒரு பட்டையில் மட்டும் இந்தக் காடு உண்டு. ஒரு காலத்தில் தொடர்ச்சியாக இருந்தது. வயலுக்கும் அடுப்புக்கும் போய்ச் சேர்ந்து இப்போது துண்டு துண்டாகக் கிடக்கிறது. அந்தத் துண்டுகளில் பலவும் கோயிலை ஒட்டியே இருக்கின்றன. 1968-ல் ஆரோவில் தொடங்கியபோது அந்த மேட்டு நிலம் மழைத்தண்ணீர் அரித்த வெறும் செம்மண். அங்கே பிறகு இந்த வகை மரங்களை வளர்க்க நினைத்தவர்கள், இப்படி மிச்சமிருந்த கோயில் காடுகளில்தான் விதை பொறுக்கினார்கள்.

இதிலே ஒரு சுவாரஸ்யம். இந்த வகைக் காட்டில் பெரிய பரப்பு இன்றைக்கும் இருப்பது எங்கே தெரியுமா? ஸ்ரீஹரிகோட்டாவில்! 1971 முதல் ராக்கெட் விடும் அதே தீவுதான். கண்டவர்களும் உள்ளே போக முடியாததால் காடு பிழைத்தது. அங்கே காவல் இஸ்ரோ, இங்கே காவல் அய்யனார். புத்துப்பட்டுக் காட்டைப் பற்றிப் பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பார்த்தசாரதி 1997-ல் இன்னொருவரோடு சேர்ந்து ஆராய்ச்சிக் கட்டுரையே வெளியிட்டிருக்கிறார். மரங்களையும், மரத்தில் ஏறும் கட்டைக்கொடிகளையும் ஒவ்வொன்றாக அளந்திருக்கிறார்கள். அளக்கிற வேலை நமக்கும் தெரிந்த வேலைதான். ஆனால் நாம் அளப்பது கட்டடம் கட்ட. அவர்கள் அளந்தது இருப்பதை எழுதி வைக்க.

சரி, நான் ஏன் போனேன்? புண்ணியத்துக்கு மட்டும் இல்லை. அப்பா ஒரு வேண்டுதல் வைத்திருந்தார்.

எங்க அப்பா கொத்தனார். அம்மா சித்தாள். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். நான் பத்தாவது தேறின அன்றைக்கு அப்பா, எங்கள் குலதெய்வமான மஞ்சனீஸ்வரரிடம் சொல்லிவிட்டார்: "பாப்பா டிப்ளமா முடிக்கட்டும். காட்டுக்குள்ள நாம பொங்கல் வைக்கிற எடத்துக்குப் போற பாதையில என் கையால சிமெண்ட் தளம் போட்டுத் தர்றேன்." கோயிலில் கேட்டு அனுமதி வாங்க வேண்டும், அது அப்புறம். அப்பாவைப் பொறுத்தவரை சொன்ன சொல் சொன்னதுதான். பணக்காரர் வெள்ளிக் கவசம் சாத்துவார், கொத்தனார் வேறென்ன கொடுப்பார்? தன் கைத்தொழிலைக் கொடுப்பார். மூன்று வருடமாக வேலை செய்கிற இடங்களில் மிஞ்சுகிற மூட்டை சிமெண்ட்டைக் காசு கொடுத்து வாங்கி வைக்கலாமா என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தார். சிமெண்ட் மூன்று மாதத்துக்கு மேல் வைத்தால் கட்டி தட்டிப்போகும் என்று நான்தான் தடுத்து வைத்திருந்தேன்.

இந்த வருடம் கடைசி வருடம். சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை "பாதையை அளந்துகிட்டு, போட்டோ புடிச்சிக்கிட்டு வா" என்று அப்பா தன் டேப்பைக் கையில் கொடுத்தார். ஆயா கூட வந்தது. எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் என் தோழியும் வந்தாள். அவளுடைய அண்ணன் கல்யாண போட்டோகிராபர். முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்து அவருடைய கேமராவைக் கேட்டு வாங்கி வந்திருந்தாள். "ஒரு கீறல் விழுந்தா ரெண்டு பேரும் வீட்டுக்கு வராதீங்க" என்று சொல்லித்தான் கொடுத்தாராம்.

கோயில் வாசலில் ஒரே கூட்டம். கார், வேன், புது பைக்குக்கு மாலை, எலுமிச்சம்பழம் நசுங்கும் சத்தம், மொட்டைத் தலையில் சந்தனம் தடவின குழந்தைகளின் அழுகை. மண் குதிரைகள் மட்டும் எதையும் கண்டுகொள்ளாமல் கடலைப் பார்ப்பது போல நின்றுகொண்டிருந்தன. சாமி கும்பிட்டு முடித்தோம். கருவறைப் பக்கம் கேமராவைத் திருப்பவே கூடாது என்று ஆயா பஸ்ஸிலேயே சத்தியம் வாங்கியிருந்தது. காட்டுக்குள் நுழையும் இடத்தில் அடுத்த சட்டம் வந்தது: "செருப்ப கழட்டு. குச்சி ஒடிக்காத. எலைய கிள்ளாத. கீழ கெடக்குற காய்ஞ்ச சுள்ளிய கூட வீட்டுக்கு எடுத்தாரக் கூடாது." தோழி மெல்லிய குரலில், "போட்டோ எடுத்தா மட்டும் ஒண்ணும் இல்லையா ஆயா?" என்றாள். ஆயா சற்று யோசித்தது. "அது ஒண்ணும் கொறையாதுல்ல? அப்ப எடு" என்றது.

கொறையாதுல்ல! ஆயா பள்ளிக்கூடத்து வாசலையே மிதித்தது கிடையாது. ஆனால் ஒரு பழங்காட்டில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விதியை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

உள்ளே பத்தடி வைத்ததும் வெளிச்சம் விழுந்துவிட்டது. விழுந்துவிட்டது என்றால், தியேட்டரில் படம் போடும்போது விளக்கை அணைப்பார்களே, அது மாதிரி. வெளியே திடலில் எஃப் 16, ஷட்டர் 100-ல் ஒரு பங்கு, ஐ.எஸ்.ஓ. 100 வைத்து எடுத்த தோழி, உள்ளே வந்ததும் எஃப் 4, 60-ல் ஒரு பங்கு, ஐ.எஸ்.ஓ. 400 என்று மாற்றினாள். எனக்குக் கை சும்மா இருக்குமா? கணக்குப் போட்டேன். லென்ஸ் திறப்பில் 16 மடங்கு, நேரத்தில் ஒன்றே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவு, ஐ.எஸ்.ஓ.வில் 4 மடங்கு. பெருக்கினால் நூற்றுச் சொச்சம். அதாவது வெளியே விழும் வெயிலில் நூற்றில் ஒரு பங்குதான் தரைக்கு வந்து சேருகிறது. மீதியை மேலே இலைகள் சாப்பிட்டுவிடுகின்றன. இத்தனைக்கும் மரங்கள் ஒன்றும் பிரம்மாண்டம் இல்லை. நம் வொர்க்‌ஷாப் கூரையை விடக் கொஞ்சம் உயரம், அவ்வளவுதான். சினிமாவில் காட்டுகிற காட்டை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். பழமை இங்கே உயரத்தில் இல்லை. அடிமரத்துப் பருமனிலும், முறுக்கிலும், பொந்திலும் இருக்கிறது. ஒரு கொடியைக் கயிறு என்று நினைத்துத் தொட்டேன். என் தொடைப் பருமன்! அது ஒரு மரத்தில் ஏறி, இன்னொன்றில் இறங்கி, தரையில் படுத்து எழுந்து மூன்றாவது மரத்தில் போய்ச் சேர்ந்திருந்தது. எந்த மரத்துக் கொடி, எது கொடிக்குத் தாங்கல் என்று பிரித்துப் பார்க்கவே முடியவில்லை.

சித்திரை என்பதால் காயா மரம் பூத்திருந்தது. காசா மரம் என்றும் சொல்வார்கள். பெருமாளைக் காயாம்பூ வண்ணன் என்கிறார்களே, அந்தக் காயா. பாட்டிலும் பெயரிலும் கேட்டதோடு சரி, பூவை நான் பார்த்தது அன்றைக்குத்தான். கிளை நுனியில் பூக்காமல், குச்சியின் கணுக்களிலேயே கொத்துக் கொத்தாக நீலம் ஒட்டிக்கொண்டிருந்தது. நீலமா, ஊதாவா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கேமராவுக்கும் தெரியவில்லை! ஐந்து படம் எடுத்தாள், ஐந்திலும் ஐந்து நிறம். என் செல்போனில் எடுத்தால் கத்திரிக்காய் நிறம். "பெருமாள் நெறத்த பொட்டிக்குள்ள புடிக்க முடியுமா?" என்று ஆயா சிரித்தது.

பறவைகளை எடுக்க எங்கள் லென்ஸ் போதாது. கொண்டைக்குருவியின் குரல் மட்டும் தலைக்கு மேலே கேட்டுக்கொண்டிருந்தது. இந்த மரங்கள் பலவற்றின் பழத்தைத் தின்று கொட்டையைப் பரப்புகிறவை இவைதான். இரவில் மரநாயும் பழந்தின்னி வௌவாலும் அந்த வேலையை எடுத்துக்கொள்கின்றன. நர்சரி, பட்ஜெட், டெண்டர் எதுவும் இல்லாமல் நடக்கிற வேலை!

இனிமேல்தான் என் பாடம் ஆரம்பம்.

அப்பா அளக்கச் சொன்ன பாதைக்கு வந்தோம். டேப் பிடித்தோம்; 60 அடி. அகலம் இடத்துக்கு இடம் மாறுகிறது, சராசரி நாலடி. பாதைக்கு வெளியே காலை வைத்தால் சருகு மெத்தை மாதிரி அமுங்குகிறது. சருகைக் கையால் விலக்கினால் கறுப்பு மண், ஈர வாசனை, வெள்ளை நூல் மாதிரி பொடி வேர்கள். பாதையில் சருகு இல்லை. மண் சிமெண்ட் பூசினது மாதிரி இறுகிப் பளபளக்கிறது. மரத்தின் வேர்கள் தரைக்கு மேலே முண்டு முண்டாக எழும்பி நின்றன. கால் பட்டுப் பட்டுத் தோல் உரிந்து, வழுவழுப்பாகி, சிலது சிவந்து கிடந்தன. பாதை ஓரத்தில் பிளாஸ்டிக் டம்ளரும், கற்பூரக் கவரும், ஷாம்பு சாஷேவும். அவற்றையும் படம் எடுக்கச் சொன்னேன். தோழிக்கு அழகான படம் மட்டுமே வேண்டும். எனக்கு எல்லாம் வேண்டும். அந்தச் சண்டையில் கொஞ்ச நேரம் போயிற்று.

நமக்கு மண் இயக்கவியல் பாடத்தில் பிராக்டர் சோதனை சொல்லிக் கொடுத்தார்களே, நினைவிருக்கிறதா? 2.6 கிலோ ரேமர். 310 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து விழ வேண்டும். மூன்று அடுக்கு, அடுக்குக்கு 25 அடி. மண்ணுக்குள் இருக்கும் காற்றை வெளியேற்றி எவ்வளவு இறுக்கலாம் என்று பார்ப்பதுதான் அந்தச் சோதனை. ரோடு போடுகிறவனுக்குக் காற்று எதிரி. ஆனால் வேருக்குக் காற்றுதான் உயிர். மண் துளைகளில் காற்றும் தண்ணீரும் இருந்தால்தான் அந்த வெள்ளை நூல் வேர்கள் பிழைக்கும், அவை இருப்பதோ பெரும்பாலும் மேல் மண்ணில். நான் 50 கிலோ. ஒரு பாதம் சுமார் 150 சதுர சென்டிமீட்டர் தரையைத் தொடுகிறது. நடக்கும்போது முழு எடையும் ஒரு காலில். எத்தனை ஆயிரம் பேர், எத்தனை ஞாயிற்றுக்கிழமை? ரேமர் இல்லாமலே அந்தப் பாதையில் பிராக்டர் சோதனை நடந்துகொண்டிருக்கிறது. யாரும் குச்சி ஒடிக்கவில்லை, இலை கிள்ளவில்லை, சாமிக்குப் பயந்தவர்கள். கால் மட்டும் வைத்தார்கள்.

இதன் மேல் சிமெண்ட் தளம் போட்டால்? மழைத்தண்ணீர் இறங்கவே இறங்காது. அதற்கு முன்னால் அடித்தளத்துக்கு மண்ணை வேறு தோண்ட வேண்டும். மண் என்றால் அங்கே வேர் என்று அர்த்தம்.

இதே பிரச்சினைக்கு நியூசிலாந்தில் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். அங்கே வைப்போவா என்ற காட்டில் டானே மஹூட்டா என்று ஒரு கௌரி மரம். மாவோரி மக்கள் மொழியில் அதன் பொருள் 'காட்டின் தலைவன்'. டானே என்பது அவர்கள் வன தெய்வத்தின் பெயர். உயரம் சுமார் 50 மீட்டர், வயது ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் என்று மதிப்பிடுகிறார்கள். கௌரி மரத்தின் வேர் மேலாக ஓடும், மிதித்தால் தாங்காது. போதாக்குறைக்கு மண் வழியாக ஒட்டி வரும் ஒரு வேர்நோய் அந்த மரங்களைச் சாகடிக்கிறது. ஆகவே தரையைத் தொடாமல் பலகைப் பாதை. மேடை மாதிரி தூக்கிக் கட்டி, மக்கள் அதன் மேல் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். உள்ளே நுழையும்போது செருப்பைத் தேய்த்து மருந்துத் தண்ணீரில் கழுவ வேண்டும். செருப்பு விஷயத்தில் எங்க ஆயா அவர்களுக்கு முன்னோடி! நம்ம பக்கத்திலும் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் வனத்துறை மரப்பலகை நடைபாதை கட்டியிருக்கிறது. அங்கே சேற்றில் நடக்கவே முடியாது என்பதும் ஒரு காரணம்.

பாதை ஓரமாக உட்கார்ந்து இதை ஆயாவிடம் விளக்கினேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே முழுசாகக் கேட்டது. கேட்டுவிட்டு, "பலக மேல நடந்தா கால் மண்ணுல படாதே?" என்றது.

"அதுக்குத்தானே ஆயா பலகை."

"சாமி மண்ணுல கால் படாம சாமி கும்புடறது எப்பிடி கண்ணு? அப்ப நான் செருப்ப எதுக்குக் கழட்டுனேன்?"

எனக்குப் பதில் வரவில்லை. தோழி கேமராவில் எதையோ தேடுவது போல நடித்தாள்.

ஆயாவே தொடர்ந்தது. "எங்க அம்மா காலத்துல வருஷத்துக்கு ஒருவாட்டி மாட்டு வண்டி கட்டிக்கிட்டு வருவோம். ராத்தங்கி பொங்க வச்சிட்டுப் போனா, அடுத்த வருஷம் பாதையே தெரியாது. சருகு மூடிக் கெடக்கும். குச்சியால தடவித் தடவித்தான் போவணும். இப்ப ஞாயித்துக்கெழம ஆனா போதும், கார்ல வந்து எறங்குறாங்க. மண்ணு எப்ப மூச்சு வுடும்?"

பாருங்கள், நான் பிராக்டர், பாதப்பரப்பு என்று சுற்றி வளைத்து வந்து சேர்ந்த இடத்துக்கு ஆயா ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டது. அதோடு நான் யோசிக்காத ஒன்றையும் போட்டு உடைத்தது. பலகைப் பாதை போட்டால் மண் பிழைக்கும், சரி. ஆனால் நல்ல பாதை என்று கேள்விப்பட்டு இன்னும் ஆயிரம் பேர் வருவார்களே? செல்பி எடுக்க வருகிறவர்கள் பலகையோடு நிற்பார்களா? இதை எழுதும்போதும் அந்த உறுத்தல் இருக்கிறது. இதைப் படித்துவிட்டு நீங்கள் அத்தனை பேரும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேமராவோடு கிளம்பினால்? போங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் போகாதீர்கள். பத்துப் பேர் கும்பலாகப் போகாதீர்கள். பாதையை விட்டுப் புதுப் பாதை போடாதீர்கள். ரீல்ஸுக்காகக் கொடியில் ஊஞ்சல் ஆடினால் அய்யனார் கேட்கிறாரோ இல்லையோ, எங்க ஆயா கேட்கும்.

மொத்தம் 214 படம். தேறினது இருபது. மறுநாள் தோழி என் செல்போனுக்கு அனுப்பி வைத்தாள். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அப்பாவிடம் காட்டினேன்.

அப்பாவின் விரல் செல்போனில் வேலை செய்யாது. சிமெண்டிலும் சுண்ணாம்பிலும் ரேகை தேய்ந்துபோன விரல். ரேஷன் கடை மெஷினே அடையாளம் காண மறுக்கும். ஆகவே நான் தள்ளத் தள்ள அவர் பார்த்தார். காயாம்பூவைத் தள்ளச் சொன்னார். கொடியைத் தள்ளச் சொன்னார். வேர் படம் வந்ததும் "நில்லு" என்றார். "பெருசு பண்ணு."

ரொம்ப நேரம் பார்த்தார். "ஒரு சாண் மண்ணு போயிருக்குது. வேர் மேல வரல. மண்ணுதான் கீழ எறங்கியிருக்குது" என்றார். மட்டம் பார்த்துப் பழகின கண் அல்லவா! நான் ஒரு பக்கத்துக்கு எழுதி வைத்திருந்ததை ஒரு படத்தில் படித்துவிட்டார்.

"இதுமேல தளம் போடணும்னா என்னப்பா செய்வீங்க?" என்று கேட்டேன். பதில் எனக்குத் தெரியும். இருந்தாலும் அவர் வாயால் கேட்க வேண்டும்.

"ஆறு அங்குலம் தோண்டணும். வேர வெட்டணும். ஜல்லி கொட்டித் திமிசு போட்டு..." பாதியில் நிறுத்திவிட்டார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"சாமிகிட்ட சொல்லிட்டேனேம்மா" என்றார், என்னைப் பார்த்து இல்லை, செல்போனைப் பார்த்து. மூன்று வருடம் என் ஃபீஸ் கட்டும்போதெல்லாம் அந்தத் தளம் அவர் மனதுக்குள் இருந்திருக்கிறது. அதை வேண்டாம் என்று சொல்ல நான் படித்த படிப்பைத்தான் பயன்படுத்த வேண்டியிருந்தது. அது எனக்குச் சுலபமாக இல்லை.

பலகைப் பாதையைச் சொன்னேன். நியூசிலாந்து படத்தைக் காட்டினேன். உடனே கொத்தனார் விழித்துக்கொண்டார். "நம்ம ஊர் கரையான அவங்களுக்குத் தெரியாது. பலகை ரெண்டு மழ தாங்கும். அப்புறம் எவன் கால் முறிஞ்சாலும் பாவம் நமக்கு." இரும்பு? கடற்கரைக் காற்றில் துரு. கடைசியில் அவரேதான் சொன்னார்: "கல்லு போட்டா என்ன? தோண்ட வேணாம். குட்டைக்கல்லு ரெண்டு பக்கம், நடுவுல கருங்கல் பலக. வேர் இல்லாத எடமா பாத்து உட்கார வச்சிரலாம். சிமெண்ட்டே வேணாம்."

பாலிடெக்னிக் நோட்டை எடுத்தேன். ஐந்தடி நீளம், இரண்டடி அகலம், நாலங்குலக் கனம். ஒரு கல் சுமார் 250 கிலோ வருகிறது. "நாலு ஆளு, ரெண்டு கம்பு" என்றார் அப்பா. திருவக்கரைப் பக்கத்துக் குவாரியில் கல் கிடைக்கும். (அங்கேதான் இரண்டு கோடி வருடத்துக்கு முந்திய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன, டூர் போகாதவர்கள் போய்ப் பாருங்கள்.) ஆனால் சிமெண்ட் தளம் என்றால் அப்பாவின் கூலிதான் பெரும் செலவு, அது வெளியே போகாத காசு. கல்லுக்கு ரொக்கம் வேண்டும். நான் வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கினால்தான் நடக்கும். கோயிலில் ஒத்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, தளம் என்று வேண்டிக்கொண்டதைக் கல் என்று மாற்றலாமா?

"அத நான் கேட்டுச் சொல்றேன்" என்றது ஆயா, படுத்த இடத்திலிருந்தே. தூங்குகிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். ஆடி மாதம் போய் சாமி முன்னால் பூப்போட்டுப் பார்க்குமாம். வெள்ளைப் பூ வந்தால் கல், சிவப்பு வந்தால் சாமி வேறு என்ன சொல்கிறதோ அது.

"எத்தன கல்லு வேணும், அதச் சொல்லு" என்றார் அப்பா.

60 அடிக்கு ஐந்தடிக் கல் 12. ஆனால் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே மழை இறங்க இரண்டு அங்குலமாவது விட வேண்டும். அப்படி விட்டால் பன்னிரண்டாவது கல் இடத்தில் உட்காராது, வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பதினோரு கல்தான். கடைசியில் மூன்றடி நாலங்குலம் மிச்சம் விழுகிறது. அதற்குத் தனியாக ஒரு துண்டுக்கல் அறுக்கலாமா என்று கேட்டேன்.

"அறுக்காத. அது மண்ணாவே இருக்கட்டும். கால் படட்டும்" என்றது ஆயா.